காணும்

தண்டர் பேயில் மாசி. உப்புத் தூவியும்
இரண்டு தடவை வழுக்கிவிட்டுத்தான் வேலைக்கு வந்தேன்.
நூலகத்தின் கீழ்த்தளத்தில்
குறிச்சொல் குழு கூடியிருந்தது:
ஐந்து பேர், ஒரு தட்டு எலுமிச்சை பிஸ்கட்,
நிற்காமல் முனகும் வெப்பக் குழாய்.

இலையுதிர் காலத்திலேயே முடிவெடுத்தாயிற்று,
இனி வாசகரும் புத்தகத்துக்குப் பெயர் சூட்டலாம் என்று.
இணையப் பட்டியலில் ஒவ்வொரு நூலின் அடியிலும்
ஒரு வெள்ளைப் பெட்டி திறந்துவைத்தோம்.
அதற்கு முந்தியது முகநூல் பக்கம்:
சேர்ந்தவர் நாற்பத்தொரு பேர், அதில் இருபது பேர் நாங்கள்.
இன்ஸ்டகிராமில் அதிக விருப்பம் வாங்கியது
பழுதான மின்தூக்கியின் படம்.

பெட்டிக்குள் வந்து விழுந்தவை:
தூக்கம். அட்டை நீலம். செவ்வாய்க்கிழமைக்குள்.
எழுதியவரே பாடம் எடுக்கிறார், வேறு வழியில்லை.
ஒரு நுண்கணித நூலுக்கு, ஏனோ, அம்மா.

நான் பகுப்பாளர். இருபத்திரண்டு வருடம்
ஒரு சொல்லை உட்காரவைக்க
ஏழு சொல்லை வெளியே அனுப்பிய கை.
சமையல் என்று தேடி வந்தவர்களை
உணவு தயாரிப்பு, காண்க
என்று திருப்பிவிட்டவள்.

அன்று கைசா திரையில் காட்டியது
மண் இயக்கவியல், மூன்றாம் பதிப்பு.
அடியில் வரிசையாகச் சதுரங்கள்.
எழுத்துரு இல்லாத இடத்தில்
எல்லா மொழியும் ஒரே ஓட்டுத்தரைதான்.
நகலெடுத்து இயந்திரத்திடம் கொடுத்தாள். அது சொன்னது:
நான்காம் அத்தியாயம் பார்க்கும். மீதி உமி.

பார்க்கும் என்றால், யாரை?
சட்டப் பிரிவுக்கு அனுப்பலாமா என்றார் டெரன்ஸ்.
கையேட்டில் அச்சுறுத்தல் பதினோராம் பக்கம்.
உமிக்குப் பக்கமே இல்லை.

பிறகு எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.
என் கணினியில் அது எழுத்தாகவே இருந்தது:
நாலாம் அத்தியாயம் காணும். மிச்சம் உமி.

காணும்.
சோற்றுக் கரண்டி இன்னொரு தரம் இறங்கும்போது
தட்டின் மேல் கையை விரித்துச்
சொல்கிற சொல்.
கடலுக்கு அந்தப் பக்கம் போனால்
அதற்கே வேறு பொருள்.
இயந்திரம் அந்தப் பக்கத்தில் படித்திருக்கிறது.

ஆக, இந்தக் கட்டடத்தில்
பனிச் சப்பாத்தோடு நடக்கிற ஒருவர்
இப்படித்தான் போதும் என்கிறார்.
பருத்தித்துறையோ, ஸ்கார்பரோவில் பிறந்து
வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பொறுக்கிய தமிழோ.
இரவல் பதிவைத் திறந்தால் பெயர் தெரியும்.
திறக்கவில்லை. எங்கள் தொழிலில்
சத்தியம் என்று மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

"நாலாம் அத்தியாயம் போதுமாம்" என்றேன்.
சிரித்தார்கள். ஏற்கப்பட்டது.
டெரன்ஸ் மட்டும் பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:
"அது உண்மையா?"

இத்தனை வருடத்தில்
நூல் எதைப் பற்றியது என்று சொல்லியிருக்கிறோம்.
எவ்வளவு காணும் என்று
சொன்னதே இல்லை.

கட்டடம் காலியான பிறகு மூன்றாம் தளத்துக்கு ஏறினேன்,
படிக்கட்டால்தான்.
நாலாம் அத்தியாயம் முழுக்கக் கோப்பிக் கறை, பென்சில் கோடு,
ஓரத்தில் ஒரு தொலைபேசி எண், அடித்து அழித்தது.
ஐந்தாவது தூசி.
ஆறாவது சரிவுகளைப் பற்றி:
பாரம் ஏற ஏற மண் எந்தக் கணத்தில்
இருந்த இடத்தை விடும் என்று.
சமன்பாடு எனக்குப் பிடிபடவில்லை. படம் பிடிபட்டது.
ஒரு மேடு, மேலே சின்னதாய் ஒரு வீடு,
அதன் அடியில் புள்ளிக்கோட்டில் ஒரு வளைவு.
யன்னலுக்கு வெளியே ஏரி உறைந்து கிடந்தது,
நிலம்போல.

விருந்தினராக உள்நுழைந்து
வெள்ளைப் பெட்டியில் தட்டினேன்:
ஆறும் வேணும்.

வெள்ளிக்கிழமை அது குழுவுக்கு வரும்,
சதுரமாக.
யாரோ ஆற்றங்கரையைக் கேட்கிறார்கள் என்று
இயந்திரம் சொல்லும்.
எல்லாரும் என் பக்கம் திரும்புவார்கள்.
நான் அப்போது
பிஸ்கட் எடுத்துக்கொண்டிருப்பேன்.